ஜெபதாஸுக்கு நடந்த அடக்க ஆராதனை

ஒரு மனிதனைப் பற்றி ஊர் நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டுமானால் அவன் செத்துத்தான் ஆக வேண்டும். ஈந்தவிளை ஊர்க்காரர்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால் ஜெபதாஸுக்கு அந்தப் பாக்கியம் உயிரோடு இருக்கும்போதே வாய்த்தது, அதுவும் சினிமாவில்.

ஜெபதாஸ் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வடசேரியிலிருந்து கருங்கல் வரைக்கும் அவர் தொண்டையை அறியாத நிறுத்தம் கிடையாது. பின்படியில் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால், முன்படியில் தொங்குகிறவன் மட்டுமல்ல, எதிரே வரும் வண்டியில் தொங்குகிறவனும் உள்ளே போய்விடுவான் என்பார்கள். அப்படிப்பட்டவருக்குச் சினிமாவில் கிடைத்ததோ வாய் திறக்காத வேடம். பிணமாக நடித்தார்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வந்து, ஈந்தவிளையில் பூட்டிக் கிடந்த பெரிய ஓட்டு வீட்டில் பேய்ப்படம் எடுத்தது. படத்தின் பெயர் 'மூடாத பெட்டி'. பணக்கார முதலாளி ஒருவர் சாகிறார். அவருடைய சவப்பெட்டியின் மூடி என்ன செய்தாலும் மூட மாட்டேன் என்கிறது. மிச்சத்தைப் பேய் பார்த்துக்கொள்கிறது. முதலாளியாகப் படுப்பதற்கென்று அழைத்து வந்த நடிகர், நிஜப் பெட்டியைக் கண்டதும் வயிறு சரியில்லை என்று சொல்லி வண்டி ஏறிவிட்டார். டைரக்டர் தலையில் கை வைத்தபடி, வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஜெபதாஸின் கூர்மூக்கும் நரைத்த மீசையும் கண்ணில் பட்டன.

"சார், நீங்க கொஞ்சம் படுக்க முடியுமா?"

ஜெபதாஸ் இரண்டாம் முறை கேட்க வைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் ஏறிவிட்டார்.

மனைவி பூங்கனி ஊரில் இருந்திருந்தால் காரியம் அந்த அளவுக்குப் போயிருக்காது. அவள் மகள் பிரீனாவின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தாள். பூங்கனி சபையில் பெண்கள் சங்கத்தின் செயலாளர். கல்யாணத்துக்குப் பிறகு தியேட்டர் வாசலை மிதிக்காதவள். இருட்டில் உட்கார்ந்து பார்க்கிற எதுவும் நல்லதாக இருக்காது என்பது அவள் கட்சி. ஜெபதாஸ் எப்போதாவது படம் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்குக் கஞ்சி மட்டும் கிடைக்கும். துவையலை அவள் மறந்துவிடுவாள்.

படப்பிடிப்பில் துக்கம் கொண்டாட ஈந்தவிளைச் சபையாரையே கூப்பிட்டிருந்தார்கள். அங்கேதான் முதல் கோளாறு. டைரக்டர் "கட்" என்றார். பாடகர் குழு நிறுத்தவில்லை. மறுபடியும் "கட்" என்றார். அடக்கப் பாட்டைத் தொடங்கிவிட்டுச் சரணத்தை மிச்சம் வைக்கிற பழக்கம் அந்தச் சபைக்கு இல்லை. அத்தனை சரணமும் முடிகிறவரைக்கும் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்தார்.

இரண்டாவது கோளாறு எட்சன் உபதேசியாரால் வந்தது. போதகர் இல்லாத வேளைகளில் சபையின் ஜெபத்துக்கும் அடக்கத்துக்கும் அவர்தான் பொறுப்பு. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சும்மா வாயை அசைத்தால் போதும், குரலைச் சென்னையில் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். உபதேசியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"வாய மட்டும் அசைக்கியதுக்கு இது என்ன வெத்தில போடுகதா? ஜெபம்னா ஜெபமாக்கும்."

பெட்டியின் மேல் கை வைத்தார், கண்ணை மூடினார். அவ்வளவுதான், சினிமா மறந்துபோயிற்று. எத்தனையோ வருஷப் பழக்கம் தானாக வாயில் வந்தது. "பரம பிதாவே, உம்முடைய அடியான் ஜெபதாஸ் இந்த உலகத்துப் பாடுகளை முடித்து உமது மார்பில் வந்து சேருகிறார். மழையில் நின்ற கிழவிகளுக்காக வண்டியை நிறுத்தியவர். படிக்கிற பிள்ளைகளை வழியில் இறக்கிவிடாதவர். அவரை ஏற்றுக்கொள்ளும்." படத்தில் முதலாளியின் பெயர் எபனேசர். ஆனால் எல்லாரும் கண்ணை மூடியிருந்ததால் காதும் சேர்ந்து மூடிவிட்டது போலிருக்கிறது. ஒருமனதாக "ஆமென்" சொன்னார்கள்.

பெட்டிக்குள் கிடந்த ஜெபதாஸுக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. மறுத்துச் சொல்லப் பிணத்துக்கு வாய் கிடையாது. தவிரவும், தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளை அவர் அதுவரை கேட்டதில்லை. கெடுப்பானேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். டைரக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நிஜச் சாவு வீடு மாதிரியே இருக்கிறது என்று, அந்த ஜெபத்தை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார்.

பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பூங்கனி திரும்பி வந்ததும் ஜெபதாஸ் விஷயத்தைப் பக்குவமாக எடுத்தார்.

"ஒரு படத்துல சின்ன வேஷம் ஒண்ணு செய்தேன் கேட்டியா. வீட்டுப் பெரியவராக்கும்."

"நின்னு நடிச்சியளா, இருந்து நடிச்சியளா?"

"கெடந்து."

"சீக்காளியா?"

"ஏகதேசம் அப்பிடித்தான்" என்றார் ஜெபதாஸ். சினிமாவில் பாடியது போதகர் காதுக்குப் போய்விடுமே என்று சபையாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை.

இந்த ஐப்பசியில் படம் வெளியாயிற்று. கூடவே புரளியும் வெளியாயிற்று. கதாநாயகன் குளியலறையில் வழுக்கி விழுந்தான், பாட்டுக்காரர் வீட்டில் மரம் சாய்ந்தது, படத்தைப் பார்த்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் படுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. யூடியூபில் ஒருவன், சவப்பெட்டிக் காட்சியில் ஜன்னலுக்கு வெளியே ஆடுகிற வெள்ளை உருவத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி, இது யார் என்று கேட்டிருந்தான். அது யாருமில்லை, பக்கத்து வீட்டு ஜெப்சியின் நைட்டி. அன்றைக்கு அவள் கொடியில் காயப் போட்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் ஜெப்சிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தமிழ்நாடே தன் நைட்டியைப் பார்த்துப் பயப்படுகிறது என்பதை எந்த வாயால் வெளியே சொல்வது? பேசாமல் இருந்துவிட்டாள்.

சாபம் என்றால் ஜனங்கள் ஒதுங்குவார்கள் என்று நினைத்தால் அது தவறு. ஈந்தவிளையே வேன் பிடித்துக் கருங்கல் தியேட்டருக்குப் போயிற்று. சிலர் கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். சிலர் பாதி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போனார்கள், பேய் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அல்ல, போதகர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. ஜெபதாஸும் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெட்டியும் அதற்குள் ஜெபதாஸும் திரையில் வந்ததுதான் தாமதம், தியேட்டர் கிடுகிடுத்தது.

"ஏலே, நம்ம கண்டக்டருலா!"

"மாமா, எழும்பும், வடசேரி வந்தாச்சு!"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உயிரைப் பிடித்துக்கொண்டு நடித்த நடிப்பு அந்தச் சிரிப்பில் அடித்துக்கொண்டு போயிற்று. அப்போது உபதேசியாரின் ஜெபம் நாலு பக்கத்து ஸ்பீக்கரிலும் முழங்கியது. "உம்முடைய அடியான் ஜெபதாஸ்..." சிரிப்பு சட்டென்று நின்றது. இருட்டுக்குள் யாரோ மெல்லச் சொன்னார்கள்: "பேரச் சொல்லியில்லா அடக்கம் பண்ணியிருக்கு."

மறுநாளிலிருந்து காய்ச்சல். ஐப்பசி மழையில் கொசு பெருகி ஊருக்கே காய்ச்சல் வருவது ஒவ்வொரு வருஷமும் உள்ளதுதான். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? காய்ச்சல் கண்டவர்கள் எல்லாரும் சிரித்தவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். சிரிக்காதவர்கள் யாரும் இல்லாததால் இதை யாராலும் மறுக்க முடியவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்குப் பெயர் சொல்லி அடக்க ஜெபம் பண்ணியாயிற்று, மேலே அது பதிந்துவிட்டது, பெட்டி ஆளைத் தேடுகிறது, படத்தின் சாபத்துக்கெல்லாம் வேர் அதுதான் என்று முடிவாயிற்று. இந்த முடிவில் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. தமிழ்நாட்டையே ஆட்டுகிற சாபம் ஈந்தவிளைச் சபையின் ஜெபத்திலிருந்து கிளம்பியது என்றால் சும்மாவா?

அதன்பிறகு ஜெபதாஸின் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆரஞ்சு வந்தது, திராட்சை வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது.

"கண்டக்டரே, நான் சிரிச்சத மனசுல வச்சிராதியும்."

"அது கெடக்கட்டு. வயிறு அசைஞ்சுதா? மூச்சு தெரிஞ்சுதா? உள்ளதச் சொல்லும்."

"அதொண்ணும் பாக்கல்ல. இப்பம் நெஞ்சுவலி ஒண்ணும் இல்லிய?"

வந்தவர்களில் ஒருவர்கூட நடிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லாருக்கும் அவர் மூச்சைப் பற்றித்தான் கவலை. பஸ்ஸில் ஏறினால் கர்ப்பிணிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். கருங்கல் சந்தையில் மீன்காரி பேரம் பேசாமல் மீனைக் கொடுத்து, தலையைத் தடவாத குறையாகப் பார்த்தாள். இதையெல்லாம் ஜெபதாஸ் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார். ஆனால் தையற்காரர், தைக்கக் கொடுத்த சட்டையைச் சொன்ன நாளுக்கு முன்பே வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தபோது அவரும் காலண்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன்பே, பெண்கள் சங்கத்தில் விஷயம் உடைந்த அன்று, பூங்கனி நேரே வந்து அவர் முன்னால் நின்றாள்.

"பெட்டிக்குள்ளயா கெடந்திய?"

"படத்துக்குத்தான ஏட்டி."

"மூடுனாங்களா?"

"அது மூடாத பெட்டியில்லா. பேரே அதுதான்."

பூங்கனி திட்டவில்லை. அதுதான் அவருக்கு விளங்கவில்லை. படம் பார்த்ததற்கே துவையலை மறக்கிறவள், படத்தில் நடித்தவருக்கு அயலைக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தாள். மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு விரல் வந்து நிற்கும். அவர் கண்ணைத் திறந்தால் ஈயை விரட்டுவதுபோல அந்த விரல் போய்விடும்.

ஜெபதாஸுக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. அவருடைய குறை வேறு. பஸ்ஸில் இத்தனை வருஷம் ராஜாவாக நின்றார். அந்தப் பஸ்ஸில் பூங்கனி ஒருநாள்கூட ஏறியதில்லை. கண்டக்டர் பெண்டாட்டி என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், வெட்கமாக இருக்கும் என்று அடுத்த வண்டிக்குக் காத்து நிற்பாள். அவர் எதையாவது நன்றாகச் செய்து அவள் கண்ணால் கண்டதே கிடையாது. இப்போது வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே ஒரு காரியத்தை அசல் கலைஞனைப் போலச் செய்திருக்கிறார். ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் ஒருத்தி பார்த்து, கொள்ளாம், நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது.

"ஒருக்கா வா. நான் வாற இடம் மட்டும் பாத்திட்டு எறங்கிரலாம்."

"நான் வரமாட்டேன். அந்தப் பேச்சே எடுக்காதிய."

"பேயி வாற இடத்துல கண்ண மூடிக்க."

"எனக்குப் பேயில்ல பயம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

தியேட்டரிலிருந்து படத்தை எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஜெபதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் எட்சன் உபதேசியார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தார். காய்ச்சல் அவரையும் விடவில்லை. அதைவிட மனசாட்சி விடவில்லை. போதகரிடம் போய் அழுதிருக்கிறார். போதகர் சிரித்துவிட்டு, ஜெபம் என்ன தபாலா, மேல்விலாசம் மாறிப் போய்ச் சேருவதற்கு, கர்த்தருக்கு ஆளைத் தெரியும், போய்ப் படுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

"அவிய சொல்லுவாவ. தெனமும் செய்தது நானாக்கும்" என்றார் உபதேசியார்.

"தெனமுமா? ஒருநாள்தான ஓய் ஜெபிச்சீரு?"

"நல்லா யோசியும். எனக்க சத்தம் படத்துல இல்லியா கெடக்கு? காலைக் காட்சி, மத்தியானக் காட்சி, சாயந்தரக் காட்சி. கருங்கல்லுல, மதுரையில, துபாயில. எத்தன காட்சியோ அத்தன தடவ உம்ம நான் அடக்கம் பண்ணிக்கிட்டுல்லா இருக்கேன்!"

இந்தக் கணக்கைக் கேட்டதும் ஜெபதாஸுக்கே தலை சுற்றியது. அடுக்களை வாசலில் பூங்கனி கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"அதுக்கு என்ன செய்யணும் உபதேசியாரே?" என்று கேட்டாள்.

"சொன்ன இடத்துல போயித்தான் திருப்பி வாங்கணும். அந்தக் காட்சி ஓடும்போ, நான் எழும்பி, இந்த ஆளு உயிரோட இருக்காருண்ணு எதிர் ஜெபம் பண்ணணும். சபை கூட நிண்ணு ஆமென் சொல்லணும்."

ஜெபதாஸ் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பூங்கனியின் முகத்தைப் பார்த்தார், அப்படியே மூடிக்கொண்டார். எப்படியோ வரட்டுமே! கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலத்தான் என்று நினைத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் சோர்வாக வைத்துக்கொண்டார். ஒரு இருமலும் இருமினார்.

தியேட்டர் மேனேஜர் கமருதீன் தேங்காப்பட்டணத்துக்காரர். உபதேசியார் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"படத்த நிறுத்த முடியாது. சத்தத்த வேணும்னா கொறச்சுத் தாறேன். ஜெபத்துக்கு யாரு தடுப்பா? ஆனா ஒண்ணு, எல்லாரும் டிக்கெட் எடுத்துத்தான் கேறணும்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விஷயம் காதோடு காதாகப் பரவியது. சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குச் சபை கிளம்பியது. பூங்கனி வெள்ளைச் சேலை கட்டி, கையில் வேதப்புத்தகம் எடுத்துக்கொண்டு, வேனில் ஏறுவதற்கு முன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நான் ஜெபத்துக்காக்கும் வாறேன். படத்துக்கில்ல." ஜெபதாஸ் அந்த அவசரச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மீசைக்குச் சாயம் பூசி, பெண்பார்க்கப் போகிற மாப்பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. சாகப் போகிறவனுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தியேட்டரில் குளச்சலிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள் முன் வரிசையில் இருந்தார்கள். சாபம் பிடித்த படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்றே காசு கொடுத்து வந்தவர்கள். விளக்கு அணைகிற நேரத்தில், முக்காடு போட்ட பெண்கள் கூட்டமாக வேதப்புத்தகத்தோடு வந்து தங்களுக்குப் பின்னால் உட்கார்வதைக் கண்டதும் ஒருவரோடு ஒருவர் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். படம் தொடங்குவதற்கு முன்பே ஒருவன் வெளியே போய்விட்டான்.

பெயர் போடும்போதே பூங்கனி கண்ணை மூடிவிட்டாள். பேய் கத்தியது, கதவு அடித்தது, கதாநாயகி ஓடினாள். பூங்கனி எதையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபதாஸ் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டுச் சத்தம் எழும்பியது. பெரிய வீட்டின் கூடம். பூமாலைகள். பெட்டி.

"ஏட்டி, இன்னா வருது" என்று கிசுகிசுத்தார். "இப்பம் பாரு. ஒருக்கா பாரு."

அவள் இமை அசையவில்லை. பின்னாலிருந்து எட்சன் உபதேசியார் எழுந்தார்.

"நாம் கண்களை மூடி ஜெபிப்போம்."

பழக்கம் பொல்லாதது. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் தியேட்டரில் இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். குளச்சல் பையன்கள் தலையைக் கவிழ்த்தார்கள். வாசலில் நின்ற கமருதீன் மரியாதையாகத் தரையைப் பார்த்தார். திரையில் ஜெபதாஸின் முகம் தியேட்டர் அகலத்துக்கு வந்து நின்றது, வெள்ளை மேல்துணிக்குள், மாலைக்கு நடுவில், இமைகூட ஆடாமல். அவ்வளவு நன்றாக நடித்திருந்தார். அதைப் பார்க்க ஒரு கண் இல்லை.

வாழ்நாளில் அவ்வளவு பெரிய அநியாயம் தனக்கு நடந்ததில்லை என்று ஜெபதாஸுக்குத் தோன்றியது. போன தடவை சிரிக்கவாவது செய்தார்கள். திரையில் ஒரு எட்சன் அவரை மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். தியேட்டரில் இன்னொரு எட்சன், கம்பளிக்குள் நடுங்கியபடி, "ஆண்டவரே, இந்த ஏழை தெரியாமல் சொன்னதை எடுத்துக்கொள்ளாதேயும். அவர் இருக்கட்டும். அவருக்கு ஒன்றும் அவசரமில்லை" என்று மன்றாடிக்கொண்டிருந்தார். ஜெபதாஸ் அழாத குறையாகப் பக்கத்தில் திரும்பினார்.

பூங்கனியின் கண் திறந்திருந்தது.

ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்த பிள்ளைகளைத் தலையில் குட்டி வளர்த்தவள், திறந்த கண்ணை மூடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை வெளிச்சத்தில் கன்னம் இரண்டும் நனைந்து தெரிந்தன. முக்காடு தோளில் சரிந்து கிடந்தது, வேதப்புத்தகம் மடியிலிருந்து நழுவிக் காலடியில் கிடந்தது. அவள் கை இருட்டில் தடவி வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. நாடி பார்க்கிறவளைப் போல இறுக்கிப் பிடித்தது. திரையிலும் தியேட்டரிலும் ஒரே நேரத்தில் "ஆமென்" எழும்பியபோதும் அந்தப் பிடி தளரவில்லை.

காட்சி முடிந்ததும் சபை எழுந்து வெளியே வந்துவிட்டது. மீதிப் படம் யாருக்கும் தேவைப்படவில்லை. உபதேசியார் கம்பளியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று ஆளுக்காள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கமருதீன் ஓடிவந்து, அடுத்த காட்சிக்கும் இருக்க முடியுமா, கூட்டம் நன்றாக வந்திருக்கிறது என்று கெஞ்சினார். ஜெபத்தில் மனம் தெளிந்த ஜெப்சி ஒரு முடிவுக்கு வந்தவளாக முன்னால் வந்து நின்றாள்.

"நானும் ஒரு உண்மையச் சொல்லிருகேன். ஜன்னல்ல ஆடுன அந்த வெள்ள உருவம் எனக்க நைட்டியாக்கும்."

"சும்மா இரி பிள்ளே" என்றார்கள். "நைட்டிக்கு அப்பிடிக் கண்ணு இருக்குமா?"

ஜெபதாஸ் பூங்கனியைத் தேடினார். தியேட்டர் மதிலோரம், வேப்பமரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். மழை தூறியது. அவர் பக்கத்தில் போய் நின்றார், தொண்டையைச் செருமினார். வடசேரி பஸ் நிலையத்தையே அதட்டிய தொண்டை, ஒரு கேள்வி கேட்க இவ்வளவு சிரமப்படும் என்று அவர் நினைத்ததில்லை.

"நீ பாத்தியா?"

அவள் சரிந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இல்ல, பாத்தா சொல்லு. எனக்க நடிப்பு எப்பிடி? கொள்ளாமா?"

பூங்கனி திரும்பினாள். முகத்தில் கோபம்தான் இருந்தது, கண்ணில் மட்டும் வேறு.

"நடிச்சியளா? செத்துல்லா கெடந்திய."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜெபதாஸ் தவம் கிடந்தார். எந்தக் கலைஞனுக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. ஆனால் அவரால் சந்தோஷப்பட முடியவில்லை. அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவள் பயந்தது எதற்கு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

"ஊரெல்லாம் உங்களுக்க நடிப்பப் பாக்கப் போவலாம். நான் எதுக்குப் போய்ப் பாக்கணும்?" என்றாள் அவள். "நான் பாக்கக் கூடாதுண்ணு தெனமும் முட்டுல நிண்ணு கர்த்தர்ட்ட கேக்கியது அது ஒண்ணுதான். அதக் காட்டுகதுக்கு என்னியக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தியளே."

"ஏட்டி, அழாத. நான் இன்னா நிக்கேன்லா."

"நிக்கியது தெரியுது" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்பிடியே நில்லுங்க."

ஜெபதாஸ் அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் அசையாமல்தான் நின்றார். பிறகு, அசையாமல் நிற்பதைப் பார்த்து மறுபடியும் அழுதுவிடுவாளோ என்று பயம் வந்துவிட்டது. தூறலில் நனைந்துகொண்டு, கையையும் காலையும் ஆட்டிக்கொண்டே நின்றார்.